நிலவறையில் பிறந்த ஒலி

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயர் என்னும் வட்டாரத்தில் உள்ளது பிராட்போர்டு நகரம். கம்பளி நெசவுக்குப் பெயர் பெற்றது அது. அந்நகரை அடுத்த கிளேட்டன் என்னும் ஊரில் 1890-ஆம் ஆண்டு கில்பர்ட் பிரிக்ஸ் பிறந்தார். அவ்வட்டாரத்து இளைஞர் பலரைப் போன்றே அவரும் துணி வாணிகத்தில் புகுந்தார். அதிலேயே நடுத்தர வயதையும் எய்தினார்.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் வாணிகம் சீர்குலைந்தது. துணி வாங்குவார் அருகினர். நாற்பது வயதைக் கடந்த ஒருவர் தாம் அறிந்த தொழிலை விட்டுப் புதியதொன்றைத் தேடுவது எளிதா? பிரிக்ஸ் பொறியியல் பயின்றவரல்லர். ஆயினும் இசையில், சிறப்பாகப் பியானோ இசையில், அவருக்குத் தணியாத வேட்கை இருந்தது.

இல்கிலி என்னும் ஊரில் இருந்த தம் இல்லத்தின் நிலவறையில், 1932-ஆம் ஆண்டு, அவர் ஒலிபெருக்கி ஒன்றைத் தம் கையாலேயே செய்தார். காந்தத்தின் குறுகிய இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று நிற்கும். மின்னோட்டம் மாறுந்தோறும் அச்சுருள் முன்னும் பின்னும் அசையும்; அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பும் அசைந்து காற்றை அதிரச் செய்யும். சொல்வதற்கு எளிது, செய்வதோ அரிது. சுருள் மயிரிழை விலகிக் காந்தத்தில் உராய்ந்தாலும் இன்னிசை கரகரப்பாகிவிடும்.

பிராட்போர்டு வானொலிச் சங்கத்தார் நடத்திய போட்டியில் முதற்பரிசும் இரண்டாம் பரிசும் அவருடைய ஒலிபெருக்கிகளுக்கே கிடைத்தன. 1933-இல் பிராட்போர்டில் சிறு இடம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அவர் மனைவியாரும் உடனிருந்து வேலை செய்தார். இல்கிலி, வார்ஃப் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள ஊர். ஆதலின் வார்ஃப்டேல் என்பதே நிறுவனத்தின் பெயராயிற்று.

ஒலிபெருக்கியைத் தாங்கும் பலகையும் சேர்ந்து அதிர்ந்தால் இசை கெடும். இதற்குப் பிரிக்ஸ் கையாண்ட வழி வியப்பானது. இரண்டு மெல்லிய பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பினார். மணல் அதிர்வை விழுங்கிவிட்டது!

1954-ஆம் ஆண்டு அவர் ஒரு துணிகரச் செயலில் இறங்கினார். இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ராயல் பெஸ்டிவல் மண்டபம் ஏறத்தாழ 3,000 பேர் அமரத்தக்கது. அங்கே கலைஞர்கள் நேரில் வாசித்த இசையையும், பதிவு செய்த இசையையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தார். இல்லத்து அறைக்கென அமைந்த கருவிகள் அப்பெரிய மண்டபத்தில் தோற்றிருந்தால், அத்தோல்வியை ஆயிரக்கணக்கானோர் தம் செவியாலேயே கேட்டிருப்பர். அத்தகைய சோதனையைத் தாமே வலிந்து ஏற்ற வணிகர் மிகச் சிலரே. மண்டபம் நிறைந்தது, மறு ஆண்டில் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்திலும் அந்நிகழ்ச்சி நடைபெற்றது.

ஒலியைப் பற்றி எளிய நடையில் நூல்கள் பலவும் அவர் எழுதினார். அவற்றுள் முதலாவது 1948-இல் வெளிவந்தது. 1958-இல் நிறுவனத்தை ராங்க் குழுமத்தாருக்கு விற்றார். 1965-இல் ஓய்வு பெற்று, 1978-இல் காலமானார். நிறுவனம் பின்னர்ச் சீன நாட்டுக் குழுமம் ஒன்றின் கைக்கு மாறியது. ஒலிபெருக்கிகள் இன்றும் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கியே வருகின்றன.