வீடிழந்த மாலுமி றொபேர்ட் நொக்ஸ்

நம் துறைமுகத்திற்குத் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. அதன் கரையிலுள்ள மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று ஒரு புளியமரம் பெயர் பெற்றிருந்ததையும், அதனருகே நினைவுக்கல் நாட்டப்பட்டதையும் நம் பழைய மாணவருட் பலர் அறிவர். படகேறி மூதூர் சென்ற நாட்களில் அதனைக் கண்டு மீண்டவரும் நம்முள் உளர். அம்மர நிழலிற் பிடிபட்ட கப்பற்றலைவரின் மகனே றொபேர்ட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தைப் பற்றி அவர் எழுதிய நூலுக்காகவே உலகம் அவரை நினைக்கின்றது. யான் ஈண்டு எழுதப் புகுந்தது அந்நூலின் சிறப்பையன்று. தமக்கென ஒரு கூரையின்றி அயலவராய் இத்தீவில் வாழ்ந்த ஒருவரைக் காய்ச்சல் எவ்வாறு தொடர்ந்தது என்பதையே.

அவர் 1641 இல் இலண்டனிற் பிறந்தவர். தந்தையாரின் பெயரும் றொபேர்ட் நொக்ஸ் என்பதே. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியைச் சார்ந்த ஆன் என்னும் கப்பலுக்குத் தலைவர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலில் அக்கப்பலின் பெரும் பாய்மரம் போயிற்று. புதுமரம் நாட்டவும் வாணிகஞ் செய்யவும் கொட்டியாரத்தில் வந்து நங்கூரமிட்டனர். 1660 ஏப்ரிலில் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்கள் கப்பற்றலைவரைக் கரையிலே சிறைசெய்தனர். கப்பலிலிருந்தோர்க்குச் செய்தி சொல்லி வருமாறு மகனை அனுப்பினர். பத்தொன்பது வயது இளைஞர் கப்பலேறினார். கப்பலை ஒப்படைக்க அங்கிருந்தோர் இணங்கவில்லை. அவரும் அங்கேயே தங்கியிருப்பின் தடுப்பார் எவருமிலர். ஆயினும், திரும்பி வருவேன் என்று தந்தையார்க்குக் கொடுத்த வாக்கின்படி மீண்டும் கரைக்கு வந்து சிறைப்பட்டார். மாணவர் இவ்விடத்திற் சற்றே நின்று பின்னர் மேற்செல்க.

சிறை என்றால் மதிற்சுவரும் பூட்டுமன்று. கைதிகளைச் சிற்றூர் தோறும் பிரித்து வைத்து, அவர்க்குச் சோறிடும் கடமையை ஊராரிடம் ஒப்புவிப்பது அரசன் வழக்கம். தந்தையும் மகனும் வடமேற் பகுதியிலுள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். சில திங்களில் இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றிற்று. இன்று நாம் மலேரியா என்பது அதுவே. மகன் நடுங்கியும் எழுந்தும் ஒருவாறு தாங்கினார். தந்தையார்க்கோ மனத்துயரும் சேர்ந்தது. தம்மால் மகன் அகப்பட்டான் என்ற எண்ணம் அவரை அரித்தது. மூன்று மாதத்திற்கு மேல் பாயிற் கிடந்து 1661 பெப்ரவரியில் உயிர் நீத்தார்.

அன்று நிகழ்ந்ததை நொக்ஸ் முதுமையிலும் மறந்திரார். அவர்களுக்குத் துணையாக இருந்தவன் பரங்கிப்பேட்டையிலிருந்து தந்தையார் அழைத்து வந்த சிறுவன் ஒருவன். உடலைத் தூக்க உதவுமாறு கேட்டு அவனை அயலாரிடம் அனுப்பினார். அவர்கள் மாடு கட்டும் கயிற்றைக் கொண்டுவந்தனர். கழுத்திற் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம், வேறு உதவி வேண்டின் கூலி தருக என்றனர். ஊராரைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட என் மனம் ஒருப்படவில்லை. உறவும் குலமும் அறியாத ஒருவன் நோயால் இறந்தால் அவனைத் தொட அஞ்சுதல் எந்நாட்டிலும் உள்ளதே. கூலி கொடுத்து ஓராளைத் துணைகொண்டு, குழியின் பெரும்பகுதியைக் காய்ச்சலோடு தம் கையாலேயே தோண்டித் தந்தையாரை அடக்கஞ் செய்தார்.

இந்நோய் நுளம்பினாற் பரவுவது என்பதை றொனால்ட் றொஸ் இந்தியாவில் ஆராய்ந்து கண்டது 1897 இல். பிள்ளைமை தொட்டு இக்காய்ச்சலோடு வளர்ந்தோர்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் ஓரளவு உடலிற் பதிந்திருக்கும். புதிதாக வந்தோர்க்கு அஃதில்லை. சிங்கோனாப் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பது அக்காலத்து ஐரோப்பாவில் அறியப்பட்டிருந்தது. கொஸ்வத்தையிற் கிடந்த கப்பற்றலைவர்க்கு அது எட்டாப் பொருள்.

மகனை அக்காய்ச்சல் அதன் பின்னும் ஓராண்டுக்கு மேலாக முறைவைத்து வருத்திற்று. மெல்லத் தேறினார். தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து வட்டி பெற்றார். தமக்கென ஒரு வீடு கட்டினார். வழிப்போக்கர் ஒருவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று கிடந்தது கண்டு பின்னல் தொப்பி ஒன்றுக்கு அதனை மாற்றிக்கொண்டார். பின்னர் எலதெத்தவில் நிலம் வாங்கித் தோழரோடு குடியிருந்தார்.

தப்பும் வழியை ஆராய வேண்டி, ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழரோடு பொதி சுமந்து விற்பவர் போல வடதிசை நோக்கித் திரிந்தபோது காய்ச்சல் மீண்டும் பிடித்தது. வீட்டை விட்டு நீங்கியவுடனே நோய் எதிர்கொண்டு நின்றது எனலாம். அங்கே சில ஆண்டுகள் மழை பொய்த்திருந்தது. விலங்குகள் புரண்டு கலக்கிய குட்டை நீரே குடிநீர். அந்நீரே நோய்க்குக் காரணம் என்று நொக்ஸ் துணிந்தார். ஊரார் சொற்படி கஞ்சா இலைத் தூளைக் கருப்பட்டியோடு காலையும் மாலையும் உண்டு, அதனால் நலமடைந்ததாக எழுதினார். அது மலேரியாவுக்கு மருந்தன்று என்பதை மாணவர் பொருட்டு ஈண்டே சொல்லி வைக்கிறேன். நீரைக் குடித்ததால் அக்காய்ச்சல் வருவதுமன்று. ஆனால் வறட்சிக்கும் காய்ச்சலுக்கும் உறவுண்டு என்று அவர் கண்டது பொய்யாகவில்லை. 1934 இல் மழை தவற, தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டமற்றுக் குட்டை குட்டையாய்த் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகி எழுந்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

1946 முதல் டி.டி.ரி. மருந்து தெளித்ததன் பயனாக 1963 இல் இலங்கை முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேரே. சில ஆண்டுகளில் அது மீண்டும் பல்லாயிரவரைப் பற்றிற்று. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மருந்து தெளிப்போர் செல்ல இயலாத இடங்களிலே நோய் நிலைத்து நின்றது. அங்கேதான் வீடிழந்தோரும் கொட்டில்களிலும் கூடாரங்களிலும் படுத்தனர். 2006 ஆகஸ்டில் மூதூர் மக்களே பல்லாயிரவராய்க் கந்தளாய்க்கு ஓடினர். நொக்ஸின் தந்தையார் விடுதலை இழந்த அதே கரையில், பிறந்த மண்ணிலேயே அவர்கள் வழிப்போக்கராயினர். உள்நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 இற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அந்நோயற்ற நாடென அறிவித்தது.

நொக்ஸும் றட்லண்டும் 1679 இல் அநுராதபுரக் காட்டினூடே அருவியாற்றின் வழியைப் பற்றி நடந்து, ஒக்டோபர் 18 ஆம் நாள் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். பத்தொன்பதரை ஆண்டுச் சிறை முடிந்தது. மறு ஆண்டில் இலண்டன் சேர்ந்தார். 1681 இல் நூல் வெளிவந்தது. விஞ்ஞானி றொபேர்ட் ஹூக் அவர்க்கு நண்பரானார். அந்தக் கஞ்சா இலையைப் பற்றி 1689 இல் றோயல் சொசைற்றியில் உரையும் ஆற்றினார். நொக்ஸ் மறுபடியும் கப்பற்றலைவராய்க் கடலோடினார். அடிமைகளை வாங்க மடகஸ்கார் சென்றதும் அவர் வரலாற்றில் உண்டு. பிறர் காவலில் இருபதாண்டு கிடந்தவர் அத்தொழிலுக்கு எவ்வாறு உடன்பட்டார் என்பது எனக்கு விளங்காத புதிர்; நூலை விரும்பிப் படிப்போர் அதனை மறைத்துப் பேசுதலும் முறையன்று.

இறுதிவரை மணஞ்செய்யாதிருந்து, தம் நூலிற் புதிய செய்திகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1720 ஜூன் 19 ஆம் நாள் காலமானார். உடல் இலண்டனுக்கு அருகே விம்பிள்டனில் அடக்கஞ் செய்யப்பட்டது.