உருகிய ஐஸ்க்ரீம், பிறந்த மோட்டார்... படகுக்கு வேகம் கொடுத்த ஓலே எவின்ரூட்!

2015 வெள்ளத்தின்போது டி.வி-யில் அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீங்க. சென்னையின் தெருக்கள் முழுக்கத் தண்ணீர். நடுவில் மீட்புப் படையின் காற்றடைத்த ரப்பர் படகு. அதன் பின்பக்கம் தொங்கும் மோட்டாரை ஒருத்தர் ஒரு கையால் பிடித்துத் திருப்ப, படகு வளைந்து அடுத்த தெருவுக்குள் போகும். எல்லோரும் படகைப் பார்த்தோம், படகில் இருந்தவர்களைப் பார்த்தோம். அந்த மோட்டாரை யாரும் கவனிச்சிருக்க மாட்டோம்.

படகின் பின்பலகையில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு எந்திரம். அவுட்போர்டு மோட்டார்னு சொல்வாங்க. இதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. இவரோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கறதுல இன்னொரு லாபமும் இருக்கு. பட்ஜெட்டில் ஒரு குட்டி ரப்பர் படகும் மோட்டாரும் வாங்கணும்னு ஆசைப்படறவங்க இன்னிக்கும் குழம்புற விஷயங்கள் எல்லாமே, நூறு வருஷத்துக்கு முன்னாடி இவர் மண்டையைக் குடைந்தவைதான்.

ஓலே பிறந்தது 1877 ஏப்ரல் 19-ல். சின்ன வயதிலேயே குடும்பம் கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்து, விஸ்கான்சின் மாகாணத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரிப்ளி ஏரிக்கரையில் குடியேறியது. வீட்டுக்கு மூத்த பிள்ளை. தம்பி தங்கைகள் ஏராளம். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. அப்பாவுக்கு நிலம், பையனுக்கு எந்திரம். ரெண்டும் ஒத்துப்போகல. 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி மேடிசன் நகரத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார். பகலில் பட்டறை வேலை, ராத்திரியில் தானாகவே இன்ஜினீயரிங் புத்தகங்கள். அப்புறம் பிட்ஸ்பர்க் இரும்பு ஆலைகள், சிகாகோ என்று ஊர் ஊராகச் சுற்றி வேலை கற்றுக்கொண்டு மில்வாக்கியில் வந்து நின்றார். வார்ப்பு வேலைக்கு மரத்தில் மாதிரி அச்சு செதுக்குவதில் ஆள் கில்லாடி.

கையில் தொழில் இருந்தது. ஆனால் தொழில் நடத்தத் தெரியாது. ஆரம்பித்த கூட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. பட்டறையில் ராத்திரி பகலாக உட்கார்ந்து பெட்ரோல் இன்ஜின் செய்வாரே தவிர, வந்த கடிதத்துக்குப் பதில் போட மாட்டார். உங்க கேங்கிலும் இப்படி ஒரு ஆள் இருப்பார், பாருங்க. திறமை செம, மெயிலுக்கு மட்டும் ரிப்ளை வராது.

அந்த இடத்தில்தான் பெஸ் கேரி வருகிறார். ஓலேவைவிட வயதில் நன்றாக இளையவர். கணக்கு, கடிதம், அலுவலக நிர்வாகம் எல்லாம் படித்த கெட்டிக்காரப் பெண். ஓலேவின் கடிதங்களைச் சரிசெய்து எழுதிக்கொடுக்க ஆரம்பித்தவர், மெள்ள மெள்ள அவருடைய மொத்தக் கணக்கு வழக்கையும் கையில் எடுத்துக்கொண்டார். 1906-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இப்போ அந்தப் பிரபலமான ஐஸ்க்ரீம் கதை. ஒரு கோடை நாளில் நண்பர்களோடு ஒகாச்சி ஏரிக்கு பிக்னிக் போயிருக்கிறார்கள். வெயில் கொளுத்துகிறது. ஐஸ்க்ரீம் சாப்பிட்டால் நல்லா இருக்கும் என்று பெஸ் ஆசைப்பட, ஓலே படகை எடுத்துக்கொண்டு துடுப்பு போட்டே கிளம்பிவிட்டார். கடை இருந்தது ஏறக்குறைய இரண்டரை மைல் தூரத்தில். அதாவது 4 கிலோமீட்டர். வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஐஸ்க்ரீம் தண்ணியாகிவிட்டது. கைவலியோடு உட்கார்ந்த ஓலேவுக்கு, படகில் ஒரு மோட்டார் மாட்டினால் என்ன என்று தோன்றியதாம்.

சினிமாவில் வைத்தால்கூட ஓவர் என்று சொல்வோம். கம்பெனி விளம்பரத்துக்காக இந்தக் கதைக்குக் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம் என்பது என் சந்தேகம். ஆனால், அதற்குப் பிறகு நடந்தது எதுவும் கதை இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவுட்போர்டு மோட்டாரை முதன்முதலில் கண்டுபிடித்தவர் ஓலே இல்லை. பாரிஸில் குஸ்தாவ் ட்ரூவே என்பவர் 1881-லேயே சென் நதியில் மின்சார மோட்டார் மாட்டிப் படகு ஓட்டிக் காட்டிவிட்டார். அமெரிக்காவிலேயே கேமரூன் வாட்டர்மேன் என்பவர் ஓலேவுக்கு முன்பே பெட்ரோல் மோட்டாரை விற்கத் தொடங்கியிருந்தார். அப்படியிருந்தும் ஓலேவின் பெயர்தான் நின்றது. காரணம், சாதாரண ஆள் வாங்கக்கூடிய, நம்பி எடுத்துப்போகக்கூடிய ஒன்றை அவர் செய்ததுதான்.

முதல் மாடலைப் பார்த்ததும் பெஸ்ஸுக்குக் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின்தான் ஞாபகத்துக்கு வந்ததாம். மேலே ஒரு ஃப்ளைவீல், அதில் ஒரு மரக் கைப்பிடி. அதைப் பிடித்துச் சுழற்றினால் இன்ஜின் உயிர்பெறும். ஒரே சிலிண்டர். கீழே செங்குத்தாக இறங்கும் ஒரு தண்டு, தண்ணீருக்குள் அந்தச் சுழற்சியைப் படுக்கைவசமாகத் திருப்பிவிடும் பல்சக்கரங்கள், கடைசியில் புரொப்பல்லர். இன்னிக்கு நீங்க கடையில் பார்க்கும் எந்தச் சின்ன அவுட்போர்டையும் பிரிச்சுப் பாருங்க, அடிப்படை அமைப்பு இதேதான்.

1909-ல் ஒரு நண்பர் அந்த மோட்டாரை இரவல் வாங்கி ஏரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது பத்து ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அதோடு கையில் ரொக்கமும்! மோட்டார் 1.5 குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. விலை 62 டாலர். பெஸ் உட்கார்ந்து விளம்பரம் எழுதினார். இனி துடுப்பைத் தூர எறிந்துவிடலாம் என்பதுதான் அதன் சாரம். கடிதங்கள் வந்து குவிந்தன. ஸ்காண்டிநேவிய மீனவர்கள் வரைக்கும் மோட்டார் கப்பலேறியது. 1911-ல் காப்புரிமையும் கிடைத்தது.

இந்த 62 பவுண்டு என்ற எண்ணில் கொஞ்சம் நின்று போகலாம். ஏன்னா, சின்னப் படகுக்கு மோட்டார் வாங்குறவங்க முதல்ல பார்ப்பது குதிரைத்திறன், கடைசியில் பார்ப்பது எடை. வரிசையைத் தலைகீழா மாத்துங்க. காற்றடைத்த 2.4 மீட்டர் படகை ரெண்டு பேர் தூக்கிடலாம். மோட்டாரை ஒருத்தர், அதுவும் ஆடுகிற படகில் நின்னுக்கிட்டு, பின்பலகையில் மாட்டணும். இன்றைக்கு ஹோண்டா 2.3, சுசூகி 2.5 மாதிரியான ஃபோர் ஸ்ட்ரோக் குட்டி மோட்டார்கள் ஏறக்குறைய 14 கிலோதான். ஓலேவின் முதல் மோட்டாரில் பாதி எடை, ஆனால் திறன் அதைவிட அதிகம். கரைக்கும் பெரிய படகுக்கும் நடுவே ரெண்டு மூணு பேர் போய்வர இது போதும். படகு தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கிப் பறக்கணும்னா இதைப்போலப் பல மடங்கு திறன் வேணும். அந்த மோட்டாரின் எடையையும் விலையையும் குட்டிப் படகு தாங்காது. படகிலேயே அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் என்று ஒரு தகட்டில் போட்டிருப்பாங்க. கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த எண்ணைத் தாண்டாதீங்க.

ஓலேவுக்கே வருவோம். 1910-களின் தொடக்கத்தில் கம்பெனி பிய்த்துக்கொண்டு ஓடியது. கிறிஸ் மேயர் என்பவர் பணம் போட்டுப் பங்குதாரராக இருந்தார். ஓலே பட்டறையில். மீதி எல்லாம் பெஸ் தலையில். விளம்பரம், கடிதம், கணக்கு, விற்பனை எல்லாம் அவர்தான். அதோடு கையில் ரால்ஃப் என்ற குட்டிப் பையன். உடம்பு தாங்கவில்லை. பெஸ் படுத்துவிட்டார்.

இங்கே ஒரு நிமிஷம் உங்களை ஓலே இடத்தில் வைத்துப் பாருங்க. பல தோல்விகளுக்குப் பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று ஜெயித்திருக்கிறது. கம்பெனிக்கு உங்கள் பெயர். ஆர்டர் குவிகிறது. ஆனால் அந்த வெற்றியை ஓட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு இப்போது ஓய்வு வேணும். என்ன செய்வீங்க?

ஓலே 1914-ல் தன் பங்கை மேயரிடம் விற்றுவிட்டார். ஐந்து வருஷத்துக்கு இந்தத் தொழில் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கும் கையெழுத்துப் போட்டார். தன் பெயர் போட்ட மோட்டாரை இன்னொருவர் விற்க, இவர் பெஸ்ஸையும் பையனையும் கூட்டிக்கொண்டு காரிலும் படகிலும் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிவிட்டார். ஐஸ்க்ரீமுக்காக 4 கிலோமீட்டர் துடுப்பு போட்டதைக் காதல் என்று கொண்டாடுகிறோம். என்னைக் கேட்டால் இந்தக் கையெழுத்துதான் அதைவிடப் பெரிய விஷயம்.

ஆனால், மண்டைக்குள் ஓடும் இன்ஜினை யார் நிறுத்துவது? அந்த ஐந்து வருஷத்தில் அவர் யோசித்துக்கொண்டிருந்தது எடையைப் பற்றித்தான். இரும்புக்குப் பதில் அலுமினியம். ஒரு சிலிண்டருக்குப் பதில் எதிரெதிராக ரெண்டு சிலிண்டர். ரெண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் எதிர்த்திசையில் ஓடும்போது ஒன்றின் உதறலை இன்னொன்று சரிக்கட்டும். படகும் ஆடாது, கையும் மரத்துப்போகாது. 3 குதிரைத்திறன், 48 பவுண்டு எடை. பழையதைப்போல ரெண்டு மடங்கு திறன், எடையோ சுமார் 6 கிலோ குறைவு.

நிபந்தனைக் காலம் முடிந்ததும் ஓலே அதை எடுத்துக்கொண்டு நேராகப் போனது பழைய பங்குதாரர் மேயரிடம்தான். மேயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தொழில் வரலாற்றில் இப்படி மிஸ் பண்ணியவர்கள் பட்டியல் போட்டால், இவருக்குக் கட்டாயம் ஓர் இடம் கொடுக்கலாம்.

ஓலேவும் பெஸ்ஸும் தனியாகக் கம்பெனி ஆரம்பித்தார்கள். எவின்ரூட் என்ற பெயரைப் பயன்படுத்த முடியாது, அது விற்றாகிவிட்டது. எவின்ரூட் லைட் ட்வின் அவுட்போர்டு என்பதன் முதல் எழுத்துகளைச் சேர்த்து எல்ட்டோ என்று வைத்தார்கள். உடல்நலம் தேறியிருந்த பெஸ் மறுபடி அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தார். எல்ட்டோ ஓடியது. ஆனால் தனியாக இல்லை. 1922-ல் ஜான்சன் சகோதரர்கள் 35 பவுண்டில் இன்னும் லேசான ஒரு மோட்டாரோடு வந்து இறங்கினார்கள். யார் மோட்டார் லேசு, யார் மோட்டார் வேகம் என்று அந்தப் பத்து வருஷமும் ஒரே போட்டி. லாபம் வாங்குபவர்களுக்குத்தான்.

1929-ல் எல்ட்டோ, எவின்ரூட், லாக்வுட் என்ற மூன்று கம்பெனிகளும் ஒன்றாக இணைந்தன. விற்ற பெயர் 15 வருஷத்துக்குப் பிறகு ஓலேவிடமே திரும்பி வந்தது. புதிய நிறுவனத்தின் தலைவரும் அவர்தான். அதே வருஷம் பங்குச் சந்தை சரிந்து அமெரிக்காவே பெருமந்தத்தில் விழுந்தது வேறு கதை. உல்லாசப் படகுக்கு மோட்டார் வாங்க யாரிடம் காசு இருந்தது?

பெஸ் 1933-ல் இறந்துபோனார். வயது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. 14 மாதம் கழித்து, 1934 ஜூலை 12-ல் ஓலேவும் போய்ச் சேர்ந்தார். வயது 57. தொழிலை ரால்ஃப் எடுத்துக்கொண்டார். 1936-ல் அப்பாவின் பரம எதிரியான ஜான்சன் கம்பெனியையும் இணைத்து, அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் என்ற பெரிய நிறுவனமாக்கினார்.

ஓலே இறந்த அதே 1934-ல் பிரான்ஸின் ஸோடியாக் கம்பெனியில் பியர் டெப்ருடெல் என்ற இன்ஜினீயர் காற்றடைத்த படகின் முதல் மாதிரிகளைச் செய்துகொண்டிருந்தார். பின்னாளில் அந்தப் படகுகளுக்கு மரத்தில் ஒரு பின்பலகை வந்தது. மோட்டார் மாட்ட இடம் கிடைத்தது. ஓலே கண்ணால் பார்க்காத ஜோடி அது.

நீங்க அந்த ஜோடியை வாங்கப் போறீங்கன்னா, பலர் கோட்டைவிடும் இடம் தண்டின் நீளம். குட்டி ரப்பர் படகுகளின் பின்பலகைக்குப் பெரும்பாலும் 15 இன்ச் ஷார்ட் ஷாஃப்ட் மோட்டார்தான் பொருந்தும். மலிவாகக் கிடைக்குதேன்னு 20 இன்ச் லாங் ஷாஃப்ட்டை வாங்கினால், அது தேவையில்லாத ஆழத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும், கரையோரத்தில் தரை தட்டும். பலகையை டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்க. படகில் பி.வி.சி விலை குறைவு, ஆனால் வெயிலில் சீக்கிரம் சோர்ந்துபோகும். ஹைப்பலான் வெயில் தாங்கும், பர்ஸ் தாங்காது. நம்ம ஊர் வெயிலுக்கு பி.வி.சி வாங்கினால் கூடவே ஒரு உறையும் வாங்கிடுங்க. ஏரியில் மெதுவாகச் சுற்ற மட்டும்தான் என்றால் பேட்டரி மோட்டார் போதும். ஆனால் லெட் ஆசிட் பேட்டரி மட்டுமே 25 கிலோவைத் தாண்டிவிடும் என்பதை மறக்காதீங்க. எதை வாங்கினாலும், கையில் கட்டிக்கொள்ளும் அந்தச் சிவப்புக் கயிறைக் கட்டாமல் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணாதீங்க. நீங்க தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது அதுதான்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால், ஓடவிட்டுப் பாருங்க. தண்ணீரில் குளிரும் மோட்டார் என்றால், பின்பக்கச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கணும். சொட்டுச் சொட்டாக வந்தால் பேரம் பேசாமல் நகர்ந்துடுங்க.

புதுசாக எவின்ரூட்டே வாங்கணும்னு ஆசை வந்திருந்தால், ஸாரி. ரால்ஃப் உருவாக்கிய நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. கனடாவின் பம்பார்டியர் அந்த பிராண்டை வாங்கி ஓட்டியது. அதிலிருந்து பிரிந்த பி.ஆர்.பி நிறுவனம் 2020 மே மாதம், கொரோனா காலத்தில், தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயர் பழைய மோட்டார்களின் மூடியில் மட்டும்தான் இருக்கிறது.