கைவினையின் விலையைக் கேட்ட கலாயோகி

நியூயோர்க் நகரின் கென்மேர் வீதியில் 1932 ஆம் ஆண்டு முதல் 1964 இல் தாம் மறையும் வரை ஜோன் டி ஏஞ்சலிக்கோ என்ற இத்தாலிய வம்சாவளிக் கைவினைஞர் சிறிய பட்டறையொன்றை நடத்திவந்தார். வயலினைப் போன்று மேற்பலகையை வளைவாகச் செதுக்கி அவர் உருவாக்கிய கிட்டார்களின் எண்ணிக்கை ஆயிரத்து இருநூறைக்கூட எட்டவில்லை. இன்று அவற்றுள் ஒன்றை வாங்க விரும்புவோர் பல்லாயிரம் டொலர்களைச் செலுத்த வேண்டியுள்ளது. தொழிற்சாலையில் அதே வடிவில் வெளிவரும் கிட்டாரோ அதன் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கின்றது.

இந்த விலை வேறுபாடு எதற்கானது? மரத்துக்கா, ஒலிக்கா, அரிய பொருள் என்ற பெயருக்கா அல்லது செய்தவர் செலவிட்ட நாட்களுக்கா? டி ஏஞ்சலிக்கோ தமது பட்டறையைத் திறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, நமது கண்டி மலைநாட்டில் நின்று இந்த வினாவை எழுப்பியவர் ஒரு தமிழர். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

1877 ஆகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர் ஆனந்தர். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் இங்கிலாந்தில் பரிஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்துவாகவும் புகழ்பெற்றவர். தாயார் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண்மணி. குழந்தையுடன் முன்னதாகவே இங்கிலாந்து சென்றிருந்த மனைவியிடம் செல்வதற்குக் கப்பலேறவிருந்த நாளிலேயே, 1879 மே மாதத்தில், முத்துக் குமாரசுவாமி காலமானார். தந்தையின் முகம் நினைவில் பதியாத வயதில் இருந்த ஆனந்தர் இங்கிலாந்திலேயே வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றார்.

அவர் தாயகம் திரும்பியது கலையைத் தேடியன்று, கற்களைத் தேடியே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக அவர் கடமையாற்றினார். தோரியனைற்று என்னும் கதிர்வீச்சுக் கனிமத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமையும் அவருக்கு உண்டு. ஆயினும் கனிமத்தைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்ற அவரது கண்களில் பட்டவை வேறு செல்வங்கள். பாய் நெய்யும் கைகள், வெள்ளியில் நுண்வேலை செய்யும் விரல்கள், அரக்கு வர்ணத்தை நகத்தால் இழுத்து மரத்தில் கோலமிடும் கலைஞர்கள், தந்தத்தைச் செதுக்கும் முதியவர்கள் ஆகியோரை அவர் கண்டார். அவர்களது பிள்ளைகள் அத்தொழிலை விட்டு விலகுவதையும் கண்டார்.

அந்த வீழ்ச்சியின் காரணத்தை அவர் ஆராய்ந்த விதம் ஒரு விஞ்ஞானிக்குரியது. கண்டி மன்னர் காலத்தில் கைவினைஞனுக்குச் சேவைக்கு ஈடாக நிலம் வழங்கப்பட்டிருந்தது. வயிற்றுக்கு வயல் இருந்தமையால், ஒரு பொருளைச் செய்து முடிக்க எத்தனை நாள் சென்றாலும் அவன் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானதும் அரசவை ஆதரவு அற்றுப்போனது. பின்னர் இராஜகாரிய முறையும் நீக்கப்பட்டது. அதனையடுத்து இயந்திரத் துணியும் இரசாயனச் சாயமும் சந்தைக்கு வந்தன. நாட்கணக்கில் உழைத்துச் செய்த பொருள், நிமிடக்கணக்கில் உற்பத்தியாகும் பொருளுடன் விலையில் போட்டியிட வேண்டிய நிலை உருவானது. கைவினைஞனின் திறமை குன்றவில்லை. அவனது நேரத்துக்கு விலை கொடுக்கவே எவரும் இல்லாமற்போயினர்.

ஆனந்தர் கண்டு வருந்தியதோடு நின்றுவிடவில்லை. 1905 இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்றை எழுதி, மரபுச் செல்வங்களைக் காக்கும் பொறுப்பை அவர்களுக்கு நினைவூட்டினார். அதே ஆண்டில் இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தை ஆரம்பித்தார். தாம் திரட்டிய தகவல்களையெல்லாம் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக 1908 இல் வெளியிட்டார். அந்நூலுக்கான புகைப்படப் பணியில் அவரது முதல் மனைவி எதல் பெரும்பங்கு வகித்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த நெசவுக் கலைஞர்களுள் ஒருவராகத் திகழ்ந்தவரும் அந்த அம்மையாரே என்பது குறிப்பிடத்தக்கது.

நூலை அச்சிட்ட முறையும் நோக்கத்தக்கது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கை அச்சியந்திரத்தில், இங்கிலாந்தின் புரோட் கெம்டன் கிராமத்தில், ஓராண்டுக்கும் மேலாக உழைத்து 425 பிரதிகள் மாத்திரமே அச்சிடப்பட்டன. கைவினையைப் போற்றும் நூல் கைவினையாகவே அமைய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆயினும் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. அந்நூலே பின்னர் சேகரிப்பாளர் தேடும் அரும்பொருளாகிவிட்டது. அதில் புகழப்பட்ட மலைநாட்டுக் கைவினைஞருள் எத்தனை பேரால் அதனை விலை கொடுத்து வாங்கியிருக்க முடியும்?

இசைத்துறையிலும் அவரது அக்கறை இதுவாகவே இருந்தது. கிராமபோனும் ஹார்மோனியமும் இந்திய வீடுகளுள் நுழைந்த காலம் அது. இயந்திரத்தின் ஓசை மலிவாகக் கிடைக்கும்போது பாடகரும் வாத்தியக்காரரும் மட்டுமன்றி, வீணையையும் தம்புராவையும் குடைந்து செய்யும் தச்சரும் தொழிலிழப்பர் என அவர் எச்சரித்தார். அவரது இரண்டாவது மனைவியான அலிஸ் றிச்சட்சன், ரத்தன் தேவி என்ற பெயருடன் தம்புரா மீட்டி இந்தியப் பாடல்களை மேலைநாட்டு அரங்குகளில் பாடினார். அவருக்கு அப்பாடல்களைப் போதித்தவர் கபூர்தலாவைச் சேர்ந்த அப்துல் ரஹீம் என்ற முஸ்லிம் இசை ஆசான் ஆவார். அவரிடம் கற்ற முப்பது பஞ்சாப், காஷ்மீர்ப் பாடல்கள் 1913 இல் நூலுருப் பெற்றன. ஒரு தமிழரும் ஓர் ஆங்கிலப் பெண்மணியும் ஒரு முஸ்லிம் ஆசானின் முன் மாணவராக அமர்ந்ததன் பயன் அந்நூல்.

தாம் சேகரித்த ஓவியங்களையும் சிற்பங்களையும் கொண்டு இந்தியாவில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்க அவர் முன்வந்தார். அதற்கு ஆதரவு கிட்டவில்லை. முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகப் படையில் சேர மறுத்த அவர், 1917 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளரானார். அவரது சேகரிப்பும் அங்கேயே சென்றடைந்தது. நாம் விலை கொடுக்க மறுத்ததை அந்நியர் விலை கொடுத்துப் பேணினர் என்று கூறின் மிகையாகாது.

மூன்று தசாப்தங்கள் அங்கிருந்தபடியே அவர் எழுதிக் குவித்தார். சிவ நடனத்தை விளக்கிய அதே பேனா முகலாய ஓவியத்தையும் விளக்கியது. மௌலானா ரூமியின் ஞானக் கருத்துகளையும் உபநிடதங்களையும் அவர் அருகருகே வைத்து நோக்கினார். இஸ்லாத்தைத் தழுவி அப்துல் வாஹித் யஹ்யா என்ற பெயருடன் கெய்ரோவில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ரெனே கெனோன் அவரது சிந்தனைத் தோழராக விளங்கினார். பணியிலிருந்து ஓய்வு பெற்று இந்தியா சென்று வாழ எண்ணியிருந்த ஆனந்தர், எழுபது வயது நிறைந்த சில நாட்களில், 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவின் நீடம் நகரில் காலமானார்.

அவரது கருத்துகள் அனைத்தையும் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பழைய அமைப்பு கைவினைஞனுக்கு நிலம் தந்தது உண்மையே. ஆனால் பிறப்பால் தொழிலை விதித்து, விலகும் உரிமையை மறுத்ததும் அதே அமைப்புத்தான். தச்சனின் மகன் மருத்துவனாவதைத் தடுத்து ஒரு கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று இன்று எவரும் கேட்க முடியாது. அந்த இருண்ட பக்கத்துக்கு ஆனந்தர் போதிய கவனம் செலுத்தவில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு.

எனினும் அவர் எழுப்பிய வினா இன்னமும் உயிருடன் இருக்கின்றது. கலகெதரவிலிருந்து கட்டுகஸ்தோட்டை ஊடாகக் கண்டி நகருக்குச் செல்லும் நாம், அங்குள்ள கடைகளில் தொங்கும் சிறு மேளங்களைப் பார்க்கின்றோம். அவை உல்லாசப் பயணிகளின் பைக்குள் அடங்குவதற்கெனச் செய்யப்பட்டவை, ஒலிப்பதற்கென அல்ல. பெரஹராவில் முழங்கும் கெட்ட பெரயவோ, கோயில் தவிலோ, நம் வீடுகளின் றபானோ அப்படிப்பட்டவை அல்ல. மரத்தைத் தெரிந்து, உலர்த்தி, குடைந்து, தோலைப் பதமாக இழுத்துக் கட்டும் கையின் அனுபவம் அவற்றில் உறைந்துள்ளது. அவற்றை வாங்கும் வேளையில், கடையிலுள்ளது மலிவாயிற்றே என்று நாம் பேரம் பேசுகின்றோம்.

டி ஏஞ்சலிக்கோவின் கிட்டார்கள் இன்று ஈட்டும் பெருந்தொகையில் ஒரு சதமேனும் அவரைச் சென்றடையப்போவதில்லை. செய்தவர் மறைந்த பின் ஏறும் விலை சேகரிப்பாளருக்கே பயன் தரும். கைவினைஞன் உயிரோடிருக்கும்போது கொடுக்கப்படும் நியாயமான விலையே அடுத்த மேளத்தைச் செய்ய வைக்கும், அவனது மகனோ மகளோ விரும்பி அதனைக் கற்கவும் வழிசெய்யும். கலாயோகிக்குச் சிலை எழுப்புவதிலும் பார்க்க, அடுத்த முறை ஒரு மேளக்காரரின் பட்டறை வாசலில் நிற்கும்போது பேரம் பேசாதிருப்பதே நாம் அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதையாகும்.