அர்ச். கமில்லுஸ்: சூதாடி நோயாளரின் ஊழியரான வரலாறு

குடியையோ சூதையோ விட்டுவிட்டேன் என்று ஒருவன் உங்களிடம் வேலை கேட்டு வந்தால் அவனை எவ்வளவு தூரம் நம்புவீர்கள்? பதில் சொல்லுமுன் அர்ச். கமில்லுஸின் சீவியத்தைச் சற்றுக் கேளுங்கள்.

இவர் 1550-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி இத்தாலி தேசத்தில் புக்கியானிக்கோ என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் போர்ச்சேவகர். தாயாரோ இவர் சிறுவனாயிருக்கையிலேயே மரித்துப்போனார். வாலிபத்தில் இவரும் படையில் சேர்ந்து வெனிஸ் அரசுக்காகத் துருக்கியரோடு போர் செய்தார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், மகா முன்கோபம். பாளையத்திலே சூதாட்டம் இவரைப் பற்றிக்கொண்டது. காலில் உண்டான ஒரு புண்ணோ சாகுமட்டும் ஆறவேயில்லை.

அந்தப் புண்ணோடு 1571-ல் உரோமாபுரியிலுள்ள அர்ச். யாகப்பர் ஆஸ்பத்திரியை அடைந்து, சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்கு ஊழியமும் செய்தார். ஆனால் சூதும் சண்டையும் ஓயாததால் சில மாதங்களில் வெளியே அனுப்பப்பட்டார். மறுபடியும் படை; மறுபடியும் சூது. 1574-ல் நேப்பிள்ஸ் நகரில் வாளையும் போர்வையையும் தோற்று, ஈற்றில் உடுத்தியிருந்த சட்டையையும் தோற்றார்.

பிறகு மன்பிரெதோனியா பட்டணத்தில் கோவில் வாசலில் பிச்சைக்கு நின்ற இவருக்கு, கப்புச்சின் சந்நியாசிகளின் கட்டட வேலையில் கூலியாள் வேலை கிடைத்தது. அவர்களில் ஒருவர் சொன்ன புத்திமதி நெஞ்சில் தைக்கவே, 1575-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி, தேவமாதாவின் சுத்திகரத் திருநாளில், நடுவழியில் முழங்காலிலிருந்து அழுது மனந்திரும்பினார். அப்போது வயது 24.

அச்சபையில் சேர விரும்பினார்; காற்புண் இடம் கொடுக்கவில்லை. அப்படியானால் எங்கே போனார்? தம்மை வெளியேற்றிய அதே ஆஸ்பத்திரிக்குத்தான்! அவர்களும் பழைய கணக்கைப் பாராமல் ஏற்றுக்கொண்டார்கள். நோயாளரின் படுக்கையருகே பணிவிடை செய்து, படிப்படியாய் உயர்ந்து, ஈற்றில் அந்த ஆஸ்பத்திரியின் விசாரணைக்காரரானார்.

கூலிக்கு வந்த ஊழியர் நோயாளரைக் கவனியாது விடுவதைக் கண்டு, அன்பினிமித்தம் உழைக்கும் ஒரு கூட்டத்தைச் சேர்க்க 1582-ல் எண்ணங்கொண்டார். குருவாவதற்காக, முப்பது வயது கடந்த இந்த நெடிய மனிதர், சிறுவரோடு உட்கார்ந்து லத்தீன் படித்தார். 1584-ல் குருப்பட்டம் பெற்றார். 1586-ல் பாப்பரசர் 5-ம் சிக்ஸ்துஸ் இவரது கூட்டத்தை அங்கீகரித்து, அங்கியின்மேல் சிவப்புச் சிலுவை அணிய உத்தரவளித்தார். 1591-ல் அது துறவற சபையாயிற்று. உயிருக்கு ஆபத்தானாலும் நோயாளருக்கு ஊழியஞ் செய்வதென்பது அச்சபையாரின் நான்காம் வார்த்தைப்பாடு.

நல்ல மனது மட்டும் போதுமென்று கமில்லுஸ் நினைக்கவில்லை. பணிவிடைக்கு ஒழுங்குகள் எழுதிவைத்தார். தாய் தன் ஒரே பிள்ளையைப் பேணுவதுபோல் பேணப் பழக்கினார். சன்னல்களைத் திறந்து காற்று வரச் செய்வது, நோய்க்கேற்ற உணவு கொடுப்பது, தொற்றுநோயாளரைத் தனியே வைப்பது யாவும் கற்பித்தார். 1614-ம் ஆண்டு ஜூலை மாதம் 14-ந் தேதி உரோமையில் மரித்தார். 1746-ல் அர்ச்சியசிஷ்டராக அறிவிக்கப்பட்டார். 1886-ல் நோயாளருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும், 1930-ல் தாதியருக்கும் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார்.

இப்போது உங்கள் பதில் என்ன? சூதும் குடியும் மருத்துவ உதவி வேண்டிய வியாதிகளென்று இன்று அறிவோம். விட்டவன் மறுபடி விழுவதும் உண்டு, கமில்லுஸும் விழுந்தார். அவருக்குக் கிடைத்தவை மூன்று: ஒரு வேலை, ஒரு நல்ல புத்தி, திறந்திருந்த ஒரு கதவு. பணிவிடையைக் கற்க ஆண்டுகள் பல சென்றன. உங்கள் தெருவில் போதையை விட்டெழும் ஒருவன், வியாதியஸ்தரையோ முதியோரையோ கவனிக்கும் தொழிலைப் பழக விரும்பினால், பழைய பெயரைச் சொல்லி நகைக்காதிருங்கள். பொறுப்பைச் சிறிது சிறிதாய்க் கொடுங்கள். கற்பிக்க ஒருவரைக் கூட வையுங்கள். இடறினால் சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். படுக்கையில் கிடப்பவனின் வெட்கமும் வேதனையும் அவனுக்குத் தெரியும். அதை அறிந்த கை நோயாளிக்கு ஆறுதலான கை.