வயலின் தாகத்தைக் கணக்கிட்டவர்

மழை எவ்வளவு பெய்தது என்பதை மழைமானி காட்டிவிடும். வயலிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகிப் போனது என்பதை எது காட்டும்? மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் வெளியேறும் நீராவி கண்ணுக்குத் தெரிவதில்லை. பயிர் வாடும்வரை காத்திருந்தால் விளைச்சல் குறையும். அளவுக்கு மீறிப் பாய்ச்சினாலோ மண்ணின் சத்து நீரோடு கரைந்தோடும். இச்சிக்கலுக்கு வழி கண்டவர் ஹோவர்ட் பென்மன்.

இவர் 1909ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் பிறந்தார். இயற்பியல் பயின்ற இவர், 1937இல் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். உழவுத்தொழில் படிக்காதவருக்கு அங்கென்ன வேலை என்று நீங்கள் வியக்கலாம். பென்மனோ ஆவியாதலை ஓர் இயற்பியல் நிகழ்வாகவே பார்த்தார். நீர் ஆவியாக வெப்ப ஆற்றல் வேண்டும். அதைச் சூரியன் தருகிறது. உண்டான ஆவியை அகற்ற உலர்ந்த காற்றும் வீச வேண்டும். கொடியில் போட்ட துணி வெயிலும் காற்றும் உள்ள நாளில் விரைவாகக் காய்வது இதனால்தான்.

இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிடும் முறைகள் முன்பே இருந்தன. ஆனால், அவற்றுக்கு நீர்ப்பரப்பின் வெப்பநிலை தெரிய வேண்டும். வானிலை நிலையங்கள் அதை அளப்பதில்லை. பென்மன் இரண்டையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தார்; அந்த அளவு தேவையற்றுப் போனது! காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், சூரிய ஒளி நேரம் ஆகிய நான்கும் போதுமானவையாயின. இச்சமன்பாடு 1948இல் வெளிவந்தது. திறந்த நீர்ப்பரப்பு இழக்கும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைக் கோடையில் பசும்புல் இழக்கிறது என்றும் அவர் கண்டறிந்தார்.

மழைக்குப் பெயர்போன இங்கிலாந்தில் பாசனம் எதற்கு? அந்நாட்டின் தென்கிழக்கில் கோடையில் பல வாரங்கள் மழையைவிட ஆவியாகும் நீரே அதிகம். பென்மன் சேமிப்புக் கணக்குப் புத்தகம்போல மழையை வரவாகவும் ஆவியாதலைச் செலவாகவும் எழுதினார். நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், ஒரு ஹெக்டர் நிலம் 30,000 லிட்டரை இழக்கிறது. ஒரு வாரம் மழை இல்லையென்றால் பற்றாக்குறை 21 மில்லிமீட்டர். எப்போது, எவ்வளவு பாய்ச்சுவது என்பதை உழவர் இதைக்கொண்டே முடிவு செய்யலாம். 1951 முதல் வோபர்ன் பண்ணையில் உருளைக்கிழங்கு, பார்லி முதலிய பயிர்களில் இம்முறையைச் சோதித்தார்கள்.

பென்மன் 1984இல் காலமானார். அவருடன் பணியாற்றிய ஜான் மாண்டீத், இலைத்துளைகள் ஆவியைத் தடுக்கும் அளவையும் 1965இல் அச்சமன்பாட்டில் சேர்த்திருந்தார். 1998இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் இருவர் பெயரும் தாங்கிய அம்முறையையே பயிர்களின் நீர்த்தேவையைக் கணக்கிடும் அடிப்படையாகப் பரிந்துரைத்தது.