கோடைக்கானல் கண்ட எவர்ஷெட்

நம் தமிழ்ச் சங்க மலரில் ஓர் ஆங்கிலேயரின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். காக்ஸ் என்னும் வெள்ளைக்கார அதிகாரியின் பெயரைத் தாங்கிய காக்ஸ் டவுனில் குடியிருக்கும் எனக்கு அக்கேள்வி அவ்வளவாக உறைப்பதில்லை. தவிர, ஜான் எவர்ஷெட் தம் வாழ்வின் பதினாறு ஆண்டுகளைத் தமிழ் மண்ணின் மலையொன்றில் கழித்தவர்.

1864இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் கோம்ஷால் என்ற சிற்றூரில் பிறந்தார். வானியலில் பட்டம் பெற்றவரல்லர். வயிற்றுப்பாட்டுக்கு இலண்டனில் வேலை. ஓய்ந்த நேரமெல்லாம் கதிரவன். 1890இல் கென்லியில் தாமே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, கதிரவனின் விளிம்பிலிருந்து எழும் தீப்பிழம்புகளைக் குறித்துவந்தார். கிரகணம் காண 1896இல் நார்வே சென்றபோது மேரி ஆர் என்ற வானியல் ஆர்வலரைச் சந்தித்தார். பத்தாண்டு கழித்து இருவருக்கும் திருமணம்.

மறு ஆண்டே, 1907இல், கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்திற்கு உதவி இயக்குநராக வந்து சேர்ந்தார். அந்நிலையம் பிறந்த கதையை நாம் மறக்கலாகாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. கதிரவனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொரு முறை பெருகிக் குறைவது அப்போதே தெரிந்திருந்தது. பருவமழையும் அதையொட்டியே ஏறி இறங்குமானால், அடுத்த பஞ்சத்தை முன்னரே அறியலாமல்லவா? அந்த ஆசையும் சேர்ந்தே 1899இல் மலைமேல் அந்நிலையத்தை நிறுவ வைத்தது.

ஆசை நிறைவேறவில்லை. இந்திய வானிலைத் துறைத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கரே கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, புள்ளிகளுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்று கண்டார். பஞ்சத்தை முன்னறியக் கட்டிய கட்டடம் அதற்கு உதவாமற்போயிற்று. மூடிவிட்டுப் போயிருந்தாலும் குறை சொல்வார் இல்லை. ஆனால் மூடவில்லை, எவர்ஷெட்டின் பெருமை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அவரை உலகம் அறிந்தது வேறொன்றால். கரும்புள்ளிகளுக்குக் காந்த வலிமை உண்டென்று 1908இல் அமெரிக்கர் ஹேல் காட்டியிருந்தார். எனவே புள்ளிக்குள் வாயு நீர்ச்சுழிபோல் சுழல வேண்டுமென்று பலர் எதிர்பார்த்தனர். 1909 ஜனவரியில் எவர்ஷெட் நிறமாலையைப் படமெடுத்துப் பார்த்தார். சுழற்சியைக் காணோம். புள்ளியைச் சூழ்ந்த மங்கிய வளையத்தில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கி, வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. எதிர்பார்த்ததை விட்டுக் கண்டதை எழுதினார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் பாடநூல்களில் படிக்கிறோம்.

1911இல் இயக்குநரானார். ஹைட்ரஜனின் சிவந்த ஒளியில் படமெடுக்கும் கருவியொன்றைத் தாமே அமைத்தார். வானம் தெளிந்த நாளெல்லாம் படம். சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் முதலிய நம்மவர்கள் உடனிருந்து உழைத்தனர். தீப்பிழம்புகளைப் பற்றி மேரியும் அவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1917இல் வெளிவந்தது. மேரியம்மையார் தாந்தேயின் வானியலைப் பற்றியும் ஒரு நூல் எழுதியவர். அவருக்குத் தனிக் கட்டுரையே எழுதவேண்டும்.

நாள்தோறும் படமெடுப்பதில் என்ன புகழ் கிடைக்கும்? ஒருவன் அறுபதாண்டு உழைத்தாலும் காண்பது ஐந்தாறு சுழற்சிகளே. கதிரவனோ, 1645 முதல் 1715 வரை எழுபதாண்டு புள்ளியே அரிதாய்க் கிடந்தவன். அவன் போக்கைத் தலைமுறைகள் சேர்ந்துதான் அளக்க முடியும். 1904இல் தொடங்கிய கோடைக்கானல் படவரிசையின் முதல் சுழற்சி, 14ஆவது, மெலிந்தது. 2014இல் உச்சம் கண்ட 24ஆவதும் அதைப்போலவே நலிந்தது. நூறாண்டு இடைவெளியுள்ள இவ்விரண்டையும் ஒரே மலையிலிருந்து எடுத்த படங்களில் ஒப்பிட முடிகிறது. கண்ணாடித் தட்டுகளிலிருந்த அவற்றைப் பெங்களூர் கோரமங்கலாவில் தலைமையகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் கணினிப் படங்களாக்கியுள்ளனர். என் முதுகலை ஆய்வேட்டுக்கு அவற்றையே நம்பியிருக்கிறேன். காக்ஸ் டவுன் அறையில் அமர்ந்தபடி 1912ஆம் ஆண்டுக் கதிரவனை அளக்கிறேன்.

1923இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய எவர்ஷெட், யூஹர்ஸ்ட்டில் மறுபடியும் தம் சொந்த ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தார். மேரி 1949இல் மறைந்தார். அவர் 1956 நவம்பரில், தம் 92ஆம் வயதில் காலமானார். அப்போது 19ஆவது சுழற்சி விரைந்து ஏறிக்கொண்டிருந்தது. எண்ணத் தொடங்கிய நாள்முதல் அதற்கிணையான உச்சத்தைக் கதிரவன் காட்டியதில்லை. 1958இல் அது உச்சியைத் தொட்டபோது கோடைக்கானலில் வழக்கம்போலப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.