பொம்மைச் சிப்பாய்களோடு விளையாடிய அறிஞர்



பிள்ளை தரையில் உட்கார்ந்து விளையாடினால், படிக்காமல் என்ன விளையாட்டு என்று நாம் அதட்டுகிறோம். ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெரிய எழுத்தாளர், தம் பிள்ளைகளோடு தரையில் படுத்துப் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் நடத்தினார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் எச். ஜி. வெல்ஸ்.

1866 செப்டம்பர் 21-ல் இங்கிலாந்தில் புரோம்லி என்ற ஊரில் அவர் பிறந்தார். அப்பா முன்பு தோட்டக்காரர். பிறகு பீங்கான் சாமான் கடை வைத்தார், வியாபாரம் ஓடவில்லை. அம்மா பணக்கார வீட்டில் வேலை பார்த்தவர். 1874-ல் பையனுக்குக் கால் முறிந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்தவனுக்கு அப்பா நூல்நிலையத்திலிருந்து புத்தகங்கள் கொண்டு வந்து கொடுத்தார். கால் கூடிவிட்டது, பிடித்துக்கொண்ட வாசிப்புப் பழக்கம் மட்டும் விடவே இல்லை.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! பதினான்கு வயதுப் பையனைத் துணிக்கடை வேலைக்குப் போட்டார்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் நின்றபடி வேலை. தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய 17 மைல் நடந்தே போய், தாயிடம் கெஞ்சினார். தாய் மனம் இளகியது. 1883-ல் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியரானார். பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தாமும் படித்தார். மறு வருஷமே உபகாரச் சம்பளம் கிடைத்து, லண்டனில் ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானியிடம் மாணவராகச் சேர்ந்தார். 1895-ல் கால இயந்திரக் கதை, 1897-ல் கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதை என்று எழுதி, உலகப் புகழ் பெற்றார்.

இப்போது பொம்மைக்கு வருவோம். 1893-ல் வில்லியம் பிரிட்டன் என்பவர் ஈயத்தைக் காய்ச்சி அச்சில் ஊற்றி, உள்ளே கூடாக இருக்கும் சிப்பாய்களைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். ஈயம் மிச்சம், விலையும் மலிவு. சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி என்று ஒவ்வொன்றுக்கும் தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள்.

வெல்ஸ் இந்தச் சிப்பாய்களை வீட்டில் தரையில் நிறுத்தினார். மரக்கட்டைகள் வீடாயின. தோட்டத்துக் குச்சிகள் மரமாயின. நடுவில் திரை கட்டி, இரண்டு பக்கமும் படையை ஒளித்து அடுக்குவார்கள். திரையை எடுத்ததும் கடிகாரம் பார்த்து ஆட்டம் தொடங்கும். காலாட்படை ஒரு தடவைக்கு ஓர் அடி நகரலாம். குதிரைப்படை இரண்டு அடி. வில் வைத்த சின்னப் பீரங்கி ஓர் அங்குல மரக்குச்சியைச் சுடும். அது பட்டு விழுந்த சிப்பாய் செத்தவன். இந்த விதிகளையெல்லாம் 1913-ல் 'சின்னப் போர்கள்' என்ற பொருள் தரும் தலைப்பில் நூலாகவே எழுதிவிட்டார்.

அந்த நூலின் முடிவைக் கவனியுங்கள். இந்த விளையாட்டில் வீடு இடியாது, தாய் அழமாட்டாள், விழுந்தவன் மறுபடி எழுந்து நிற்பான். நிஜப் போரோ மனிதன் கண்டுபிடித்ததிலேயே அதிகச் செலவு பிடிக்கும் முட்டாள்தனம். போர் வேண்டும் என்று துடிப்பவர்களை ஒரு பெரிய அறையில் விட்டு, வேண்டிய மட்டும் பொம்மைச் சிப்பாய்களைக் கொடுத்து அங்கேயே சண்டை போட வைக்கலாம் என்பது அவர் யோசனை!

யார் கேட்டார்கள்? மறு வருஷம், 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. அங்கே வெல்ஸும் சறுக்கினார். இந்தப் போரோடு உலகத்தில் போரே ஒழிந்துவிடும் என்று நம்பி, அதை ஆதரித்து எழுதினார். ஒழியவில்லை. 1939-ல் அடுத்த போர் வந்தது. லண்டனில் குண்டு விழுந்தபோதும் அந்தக் கிழவர் ஊரை விட்டுப் போகவில்லை. 1940-ல் மனித உரிமைகளைப் பற்றி நூல் எழுதினார். 1946 ஆகஸ்ட் 13-ல் காலமானார்.

பெற்றோர்களே, பெரிய அறிவாளியும் தப்புக் கணக்குப் போடலாம். ஆனால் தரையில் விளையாடியபோது அவர் கண்ட உண்மை தப்பவில்லை. உங்கள் பிள்ளை விளையாடட்டும். கொஞ்ச நேரம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்தால், அந்த ஏழைத் தகப்பன் செய்த மாதிரி ஒரு புத்தகமும் கொண்டு வந்து கொடுங்கள்.